நல்ல பேட் எது என்று கேட்காதீர்கள்



போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி போன் செய்தான். "அக்கா, பாப்பா ஷட்டில் கிளாஸ் போறா. நல்ல பேட்டா ஒண்ணு சொல்லு. எட்டாயிரம் ஆனாலும் பரவாயில்ல. வாங்குறதே வாங்குறோம், சாம்பியனுங்க வச்சிருக்கிற மாதிரியே வாங்கிடலாம்" என்றான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு அனுப்புகிறீர்கள். சிலர் நாற்பது வயதில் தொப்பையைக் குறைக்க நீங்களே போகிறீர்கள். போட்டோ போடுகிறீர்களே, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"டீச்சருக்கு ஷட்டிலைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் கொடுத்து, வலி பட்டுக் கற்றுக்கொண்டது கொஞ்சம் தெரியும்.

2019இல் ஓய்வு பெற்றேன். சர்க்கரை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா காலையில் இன்டோர் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். முதல் நான்கு மாதம் அவருடைய பழைய லேசான பேட்டில் ஆடினேன். ஒரு குறையும் இல்லை. பிறகு எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. கடைக்காரர் ஒரு கறுப்பு பேட்டை எடுத்து, "மேடம், இதுல அடிச்சா இடி மாதிரி இறங்கும்" என்றார். நான் ஸ்மாஷ் அடிப்பவளே இல்லை, நெட் ஓரம் நின்று தட்டிவிடுபவள். ஆனாலும் அந்த "இடி"யில் மயங்கி வாங்கிவிட்டேன். ஆறு வாரத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தோசை மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. டாக்டர் "டென்னிஸ் எல்போ" என்றார். மூன்று மாதம் ஓய்வு, பிசியோதெரபி. பேட் வாங்கிய காசைவிட அதற்குச் செலவானதுதான் அதிகம்.

குறை அந்த பேட்டில் இல்லை. அது நல்ல பேட்தான். எனக்கு நல்லதில்லை, அவ்வளவுதான். அதனால் என் கருத்து இது: "நல்ல பேட் எது?" என்ற கேள்வியே தவறு. "நான் எப்படி ஆடுகிறேன்?" என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது. கரும்பலகை இல்லாத குறைதான், பாடம் நடத்திவிடுகிறேன்.

முதலாவது, எடை. பேட்டில் 3யூ, 4யூ, 5யூ என்று போட்டிருக்கும். எண் கூடினால் எடை குறையும். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. ஐந்து கிராமில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு மணி நேரம் தலைக்கு மேலே வீசிப் பாருங்கள், தோள் சொல்லும். புதிதாகத் தொடங்குபவர்கள், பிள்ளைகள், என் வயதுக்காரர்கள் 4யூ அல்லது 5யூவோடு நின்றுகொள்வது நல்லது.

இரண்டாவது, கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. சுத்தியலைக் கைப்பிடியில் பிடித்து வீசிப் பாருங்கள். பிறகு திருப்பி, இரும்புப் பக்கம் பிடித்து வீசிப் பாருங்கள். எடை ஒன்றுதான், ஆனால் கைக்கு வேறுமாதிரி இருக்கும். பேட்டும் அப்படியே. தலைப்பக்கம் கனமானால் பின்கோர்ட்டிலிருந்து அடிக்கும் ஸ்மாஷுக்கு வேகம் கிடைக்கும். ஆனால் அடித்தபின் அடுத்த பந்துக்கு பேட்டைத் திருப்பிக் கொண்டுவரத் தாமதமாகும். தலை லேசானால் நெட் ஓரத்திலும், தடுத்து ஆடும்போதும், டபுள்ஸில் வேகமாக மாறி மாறித் தட்டும்போதும் கை சட்டென்று திரும்பும். இரண்டும் கலந்து ஆடுபவர்களுக்கும், இன்னும் தன் ஆட்டம் எது என்று தெரியாதவர்களுக்கும் நடுத்தரமே நல்லது. யோனெக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் அஸ்ட்ராக்ஸ் வரிசை தலை கனம், நானோஃபிளேர் தலை லேசு, ஆர்க்சேபர் நடுத்தரம். கடையில் சந்தேகம் வந்தால் தண்டை ஒரு விரல்மேல் வைத்து நிறுத்திப் பாருங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து ஏறக்குறைய 29 சென்டிமீட்டரில் நின்றால் நடுத்தரம். அதைத் தாண்டித் தலைப்பக்கம் போய் நின்றால் தலை கனம்.

மூன்றாவது, தண்டின் விறைப்பு. வேகமாகக் கை வீசத் தெரிந்தவருக்குத்தான் விறைப்பான தண்டு. மெதுவாக வீசுபவருக்கு அது உதவாது. பந்தும் போகாது, அதிர்ச்சியும் முழங்கைக்கு வரும். வளையும் தண்டு பின்னால் வளைந்து நிமிரும்போது தன் பங்குக்கு ஒரு தள்ளு தள்ளும். நான் வாங்கியது தலை கனம், தண்டு விறைப்பு, எடை 3யூ. மூன்றும் எனக்கு எதிர். பரீட்சையில் மூன்று கேள்விக்கும் தப்பாக எழுதியவள் நான்.

நான்காவது, கைப்பிடியும் நரம்பும். பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் சிறிய பிடியே வாங்குங்கள். மேலே கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சிறிதாக்குவது கடினம். நரம்பை இழுத்துக் கட்டுவதை 'கட்டிங்' என்பார்கள். பவுண்டு கணக்கில் சொல்வார்கள். தொடக்கத்தில் 20 முதல் 23 பவுண்டு போதும். இழுவை கூடக்கூட, பந்து சரியாகப் பட வேண்டிய இடம் சுருங்கிவிடும். "28 போடுங்க" என்று பெருமைக்குச் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் தம்பி சொன்னான்: "அக்கா, வளர்ற புள்ள. இப்பவே பெரிய பேட்டா வாங்கிக் கொடுத்தா பின்னாடி சரியாயிடும்ல?" ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்கும்போது நாமெல்லாம் செய்வதுதான் இது. சட்டை தொளதொளவென்று இருந்தால் பிள்ளைக்கு வலிக்காது. பேட் அப்படி இல்லை. பொருந்தாத பேட்டைத் தூக்கப் பிள்ளை தன் கையின் வீச்சையே மாற்றிக்கொள்ளும். பிறகு சரியான பேட் வந்தாலும் அந்தத் தப்பான வீச்சு போகாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்கள். கருவியைக் குறை சொல்லாதே, பயிற்சி செய் என்பது அதன் பொருள். பாதி உண்மை. பயிற்சி இல்லாமல் எந்த பேட்டும் ஆடாது. ஆனால் மறுபாதியை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் இரண்டே ஷட்டில் பேட் இருந்தன. இரண்டும் பழைய கனமான பேட்டுகள். எட்டாம் வகுப்பில் ஒல்லியான பையன் ஒருவன், "டீச்சர், பேட் கனமா இருக்கு, கை வலிக்குது" என்றான். நான் எல்லார் முன்னாலும் அந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அதற்குப்பின் மைதானத்துக்கு வரவில்லை. என் முழங்கை வலித்த அந்த மூன்று மாதமும் அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவன் சொன்னது சாக்கு அல்ல, உண்மை. தம்பி, இதை நீ படித்தால், டீச்சர் செய்தது தவறு. மன்னித்துக்கொள்.

அதனால் இந்த முறை தம்பியிடம், "போனைப் பாப்பாகிட்ட கொடு" என்றேன். "நீ எப்படி விளையாடுவே, கண்ணு? எது அடிக்கப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "எனக்கு நெட் பக்கத்துல மெதுவா வச்சு ஏமாத்துறதுதான் பிடிக்கும் அத்தை. அப்பாதான் ஸ்மாஷ் அடி, ஸ்மாஷ் அடிங்கிறாங்க" என்றாள். அவள் கிளாஸ் சேர்ந்து ஐந்து மாதம். இதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

தம்பிக்கு என் தீர்ப்பு: 4யூ அல்லது 5யூ, நடுத்தரம் அல்லது தலை லேசு, வளையும் தண்டு, சின்னப் பிடி, 21 பவுண்டு. தலையும் தண்டும் சேருமிடத்தில் தனி உலோக மூட்டு இல்லாத முழு கிராஃபைட் பேட், இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் நல்லதாகவே கிடைக்கும். மிச்சத்தில் முதலில் ஷட்டில் ஆடுவதற்கென்றே உள்ள ஷூ வாங்கு. சாதாரண ரன்னிங் ஷூவில் பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். அப்புறமும் மீதியிருந்தால் கோச் ஃபீஸ் கட்டு. இரண்டு வருடத்தில் அவள் ஆட்டம் ஒரு உருவத்துக்கு வரும். அப்போது அவளே தனக்கு என்ன பேட் வேண்டும் என்று சொல்வாள். அன்றைக்கு எட்டாயிரம் கொடு, நான் தடுக்க மாட்டேன்.

கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், கோர்ட்டில் நான்கு பேருடைய பேட்டை வாங்கிப் பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கறுப்பு பேட்டைக் கோர்ட்டில் ஆடும் ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் அடித்தால் இடி மாதிரிதான் இறங்குகிறது. நான் எதிர்ப்பக்கம் நெட் ஓரத்தில் என் 5யூவோடு நிற்கிறேன். சில நாள் நானும் ஜெயிக்கிறேன்.

நீங்கள் என்ன பேட் வைத்திருக்கிறீர்கள், எப்படி ஆடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்