முதியோரும் ஆடரங்கும்

"காடு வா வா என்னும் வயதிற் கிழவர்க்கு விளையாட்டு எற்றுக்கு?" என வினவுவார் நம்மிடையே பலர். ஆடுதல் இளையோர்க்குரியது, முதியோர்க்கு ஓய்வும் செபமுமே அமையும் என்பது அவர் துணிபு. இத்துணிபு பழந்தமிழர் கொள்கையுமன்று, திருமறையின் கொள்கையுமன்று, இக்கால மருத்துவ அறிஞர் கொள்கையுமன்று. அதனை ஈண்டுச் சில சொற்களால் விளக்கப் புகுகின்றோம்.

பண்டைத் தமிழூர்களிற் பொதியில் என்றோர் இடம் உண்டு. ஊரார் பலரும் கூடுதற்குரிய அம்பலம் அது. மருதனிளநாகனார் பாடிய புறநானூற்று 52ஆம் பாட்டு, பாண்டியனைப் பகைத்தோர் நாடு பாழ்பட்ட நிலையைக் கூறுவது. பலி ஒழிந்த பொதியிலைக் காட்டிய புலவர் அவ்வளவில் அமைந்தாரல்லர். நரைத்த முதியோர் நாள்தோறும் வல்லாடிக் காய் வைத்தமையாற் குழிந்துபோன அரங்கையும் காட்டி, அக்குழியிற் காட்டுக்கோழியின் முட்டைகள் நிறைந்து கிடக்கும் என்றார். முதியோர் ஆடும் அரங்கு வெறிதாதல் ஊர் அழிந்தமைக்கு அடையாளமாயிற்று. சகரியா தீர்க்கதரிசியோ இதன் மறுதலையைக் காட்டுகின்றார். எருசலேம் மீண்டும் தழைக்குங் காலத்திற் கோலூன்றிய கிழவரும் கிழவியரும் அதன் வீதிகளில் வீற்றிருப்பர் என்றும், அவ்வீதிகளிலேயே சிறுவரும் சிறுமியரும் விளையாடுவர் என்றும் அவர் 8ஆம் அதிகாரத்திற் கூறுகின்றார். ஊரின் நலத்தை அளத்தற்கு இருவரும் கொண்ட அளவுகோல் ஒன்றே: முதியோர்க்கு ஆண்டுப் பொதுவிடம் உண்டோ என்பதே அது.

இவ்வளவுகோலைக் கொண்டு விம்கோ நகரை நோக்குவோம். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டித் தொழிற்சாலையாற் பெயர் பெற்றது இப்பகுதி. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை ஆலைகள் பல எழுந்த நிலம் இது. ஆலைச் சங்கொலியாற் பல்லாண்டு பொழுதறிந்த தொழிலாளி ஓய்வு பெற்ற மறுநாளே அச்சங்கொலியை மட்டுமா இழக்கின்றான்? உடன் உழைத்தாரையும், உணவு வேளையின் உரையாடலையும், தன்னை எதிர்பார்ப்பார் உளர் என்னும் நினைவையும் இழக்கின்றான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வந்தது. விரைந்து செல்வார்க்கு வழி வந்தது. அமர்ந்திருப்பார்க்கு இடம் வரவில்லை.

விளையாட்டிற்கு இந்நிலம் வறியதன்று. வடசென்னை கேரம் ஆட்டத்திற்குப் பெயர் பெற்றது. சென்னையின் மரிய இருதயம் 1991ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் உலக வாகை சூடி, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இளையோர் புகழெய்தும் இப்பலகையின் ஒரு பக்கத்தை முதியோர்க்கும் ஒதுக்குக என்பதே எம் வேண்டுகோள்.

இனி, மருத்துவர் கூறுவதைக் கேட்போம். டிமென்ஷியா என்னும் மறதி நோய் நம் நாட்டில் 60 வயது கடந்தாருள் நூற்றுக்கு 7 பேர்க்கு மேற்பட்டோரைப் பற்றியுள்ளது என்றும், ஆடவரினும் மகளிரிடத்தே மிகுதி என்றும் 2023இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அமெரிக்காவில் 75 வயது கடந்த 469 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வு, நூல் படித்தல், பலகை ஆட்டம் ஆடுதல், இசைக்கருவி வாசித்தல், நடனமாடுதல் ஆகியவற்றை மேற்கொண்டார்க்கு இந்நோய் குறைவாகவே வந்தது எனக் கண்டது. எனினும், ஆட்டத்தால் அறிவு நிலைத்ததோ, அறிவு நிலைத்திருந்தமையால் ஆடினரோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. பிரான்சில் 3,675 முதியோரை 20 ஆண்டுகள் நோக்கிய மற்றோர் ஆய்விலும் ஆடுவோர்க்கு நோய் குறைந்தே காணப்பட்டது. ஆயின், அவர்தம் தொடக்க அறிவுநிலையையும் மனச்சோர்வையும் கணக்கிற் சேர்த்தபோது அவ்வேறுபாடு உறுதியாய் நிற்கவில்லை. ஆகலின், தாயக்கட்டையை மருந்தென்று விற்க முற்படுவாரை நம்பற்க. தனிமையும், கவனியாது விட்ட செவிக்குறையும் கண்குறையும் இந்நோய்க்கு ஏதுவாவன என 2024இல் லான்செட் இதழின் அறிஞர் குழு உரைத்தது. ஆட்டத்தின் பெரும்பயன் இங்குத்தான் புலனாகின்றது. எதிரில் ஒருவர் இன்றித் தாயம் இல்லை. சோழி எண்ணப் பிழைப்பவரையும், கேட்டதையே மீண்டும் கேட்பவரையும் முதலில் அறிபவர் உடன் ஆடும் தோழரே. மூடிய அறையிற் கிடப்பாரின் தளர்ச்சியை அறிவார் யார்?

"ஆட்டம் சூதாய் முடியும்" என அஞ்சுவார் உளர். அவர் அச்சம் பழிக்கத்தக்கதன்று. சூதைக் கடிந்து வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் கேடு பணயத்தில் உளது, பலகையில் இல்லை. பணயத்தை விலக்குக, பலகையை விலக்கற்க.

செய்யத்தக்கது அரிதன்று. ஞாயிறன்று திறந்து ஏனைய நாள்களிற் பூட்டிக் கிடக்கும் ஆலயக் கூடங்கள் பலவுள. மாலையில் இரண்டு மணிநேரம் அவற்றை எம்மதத்தார்க்கும் திறந்துவைப்பின், அவையே இக்காலப் பொதியிலாம். கேரமும் சதுரங்கமும் தாயமும் பல்லாங்குழியும் ஆண்டு இருக்கட்டும். மகளிர்க்கும் ஒத்த இடம் வேண்டும். பேரப்பிள்ளைகளை வளர்த்தும் அடுப்படியில் உழன்றும் நாளைக் கழிக்கும் பாட்டிமார்க்குத் திண்ணையும் இல்லாது போயிற்று. நோயோ அவரையே மிகுதியாய்ப் பற்றுகின்றது. கல்லூரி மாணவராகிய நாமும் வாரம் ஒரு மாலை எதிர்ப்பக்கத்து இருக்கையில் அமர்தல் வேண்டும். அஃது அறமென்று எண்ணற்க. ஆடுபுலி ஆட்டத்தில் அவர் நம்மை எளிதில் வெல்வர்.

முதியோரைக் கனம்பண்ணுக என்று மேடையிற் பேசுதல் எளிது. அவர் எதிரே அமர்ந்து, அவர் காய் நகர்த்தும் வரை பொறுத்திருத்தலே மெய்யான கனம். நம் பொதியிலின் குழியிற் காட்டுக்கோழி முட்டையிடாதிருப்பதாக.