ஊரைக் காக்கும் பழைய திருகு!

புது எந்திரம் என்றால் உயர்த்தி. பழைய எந்திரம் என்றால் மட்டம். இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். அந்த நாட்டில் சுமார் நாலில் ஒரு பங்கு நிலம், கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. மழைத் தண்ணீர் தானாக வடியாது. இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பது நின்றால், வயலும் வீடும் தண்ணீரில்!

அங்கே கிண்டர்டைக் என்று ஓர் ஊர். 1740ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய காற்றாலைகள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. முன்பு அவைதான் தண்ணீரை இறைத்தன. 1972இல் புதிதாக ஓர் இறைப்பு நிலையம் கட்டினார்கள். அதில் எதை வைத்தார்கள் தெரியுமா?

ஆர்க்கிமிடீஸ் திருகு!

ஆர்க்கிமிடீஸ், 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர். (அவருக்கு முன்பே இது இருந்தது என்பாரும் உண்டு. இருக்கட்டும்.)

வேலை செய்வது எப்படி?

ஒரு பெரிய திருகாணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாய்வான வாய்க்காலில் படுக்க வைத்திருக்கிறார்கள். கீழ்முனை தண்ணீருக்குள் இருக்கிறது. திருகு சுற்றும்போது, அதன் தகடு தண்ணீரை அள்ளுகிறது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்குகிறது. சுற்றச் சுற்ற, அந்தத் தண்ணீர் மேலே ஏறுகிறது. உச்சியில் கொட்டுகிறது. அவ்வளவுதான்!

சாதாரண பம்பு மிக வேகமாகச் சுற்றும். கந்தல் துணி சிக்கினால் நின்றுவிடும். திருகு மெல்லச் சுற்றுகிறது. செடி, சேறு, குப்பை எல்லாம் தண்ணீரோடு மேலே போய்விடும். மீன்கூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது! சாக்கடைத் தண்ணீரை ஏற்றவும் பல நாடுகளில் இதையே வைக்கிறார்கள்.

குறை இல்லையா?

உண்டு. இடத்தை அடைக்கும். மாடித் தொட்டிக்கு இதனால் தண்ணீர் ஏற்ற முடியாது. மிக நீளமாகச் செய்தால் நடுவில் தொய்யும். வாய்க்காலுக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடினால், ஏறிய தண்ணீர் கீழே வழியும். சாய்வும் முக்கியம். நிமிர்த்தி வைத்தால் உயரம் கிடைக்கும், தண்ணீர் தங்காது. படுக்க வைத்தால் தண்ணீர் தங்கும், உயரம் கிடைக்காது.

ஆகவே, எந்திரம் வாங்குகிறவர்கள் "எது புதிது?" என்று கேட்கக்கூடாது. எவ்வளவு உயரம்? எவ்வளவு தண்ணீர்? தண்ணீரில் என்ன கிடக்கிறது? இதைத்தான் கேட்க வேண்டும். உயரம் கொஞ்சம், தண்ணீர் நிறைய, குப்பையும் நிறைய என்றால், என் ஓட்டு திருகுக்கே!

ரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஓர் அளவு சொல்லி வைத்தார். அடி 4 பங்கு, உயரம் 3 பங்கு, திருகின் நீளம் 5 பங்கு. கணக்குப் போட்டால், சாய்வு சுமார் 37 டிகிரி. இன்றைய எந்திரத் தொழிற்சாலைகள் செய்யும் திருகுகளை, பெரும்பாலும் 30 முதல் 38 டிகிரி சாய்வில்தான் வைக்கிறார்கள்!