பட்டாம்பூச்சிக் காசு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் மொபைலை நீட்டினான்.

"மாமா, பொறந்த நாளுக்கு இதான் வேணும்."

வெள்ளி நாணயம். நடுவுல நீலமும் ஆரஞ்சுமா ஒரு பட்டாம்பூச்சி, இப்பவே பறந்துடும் போல இருக்கு. விலையைப் பார்த்தா... என்னோட ரெண்டு மாச கரண்ட் பில்லை விட ஜாஸ்தி!

நானும் ராஜபாளையத்துல டவுசர் போட்ட காலத்துலேர்ந்து காசு சேர்க்கிறவன்தான். காண்டாமிருகம் போட்ட 25 பைசாவுக்காகப் பொட்டிக்கடைக்காரர் கல்லாவை எத்தனை தடவை கிளறச் சொல்லியிருக்கேன்! 2011 ஜூன் 30-ஓட அது செல்லாமப் போச்சு. ஆனாலும் ஒவ்வொண்ணுலயும் நாலு பேர் கை பட்ட தேய்மானம் இருக்கும். எனக்கு அதுதாங்க காசு.

இந்த வண்ணப்பூச்சி சமாச்சாரம் வேற. பலாவு, நியூவேன்னு குட்டித் தீவுகள் பேர்ல வருது. அடிக்கிறது வேற நாட்டு நாணயச்சாலை. பலாவுல மக்கள் கையில புழங்குறதோ அமெரிக்க டாலர். மேல ஒத்தின சாயம் கீறிடும்னு பிளாஸ்டிக் கூட்டை விட்டு வெளியவே எடுக்கக் கூடாதாம். செலவழிக்கவே முடியாதது எப்படிய்யா காசு ஆகும்?

கலர் மேல எனக்குக் கோபம் இல்லை. கனடாக்காரன் 2004-லயே செக்கச் சிவந்த பாப்பிப் பூ போட்ட 25 சென்ட்டை சாதாரணப் புழக்கத்துக்கு விட்டான். உலகத்துலயே அதுதான் முதல். ஜனங்க அதைக் குடுத்து டீ குடிச்சாங்க. அது காசு!

நம்ம தமிழ் மறவனை 2019-ல மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் பறக்குறது. தபால்துறை 1981-லயே பட்டாம்பூச்சிக்குத் தபால்தலை போட்டாச்சு, 2005-ல எங்க ராஜபாளையம் நாய்க்கே போட்டாச்சு. ஒரு அஞ்சு ரூபாய்க் காசுல தமிழ் மறவனைப் போட்டா என்ன குறைஞ்சிடும்? கலர் கூட வேணாம், இறக்கையோட கோடு தெரிஞ்சாப் போதும். பஸ் கண்டக்டர் மீதி குடுக்கும்போது ஒரு பையன் அதைத் திருப்பிப் பார்ப்பான்ல?

"அதுக்கெல்லாம் வேல்யூ ஏறாது மாமா"ன்னான் பய.

வாங்கித் தரலை. ஞாயித்துக்கிழமை செண்பகத்தோப்புக்குக் கூட்டிட்டுப் போறேன் மாப்ள, அங்க பட்டாம்பூச்சியைப் பறக்குறப்பவே பார்க்கலாம்னு சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். அக்கா அன்னையிலேர்ந்து என் போனை எடுக்கலை.

டிஸ்கி: தாமரை போட்ட பித்தளை 20 பைசா டபுளா வச்சிருக்கிறவங்க சொல்லுங்க. பதிலுக்குத் தர என்கிட்ட காண்டாமிருகம் நிறைய இருக்கு.