பல்லும் ஒரு நாள் கூலியும்

பல் மருத்துவம் கடந்த இருபது ஆண்டுகளில் அடைந்திருக்கும் மாற்றம் சிறிதன்று. உடனுக்குடன் திரையில் தெரியும் எக்ஸ்ரே, மோட்டாரில் சுழலும் மெல்லிய அரம், தாடையெலும்பில் பதிக்கும் டைட்டானிய வேர் என்று கருவிகள் பெருகிவிட்டன. நோயாளியின் தேவை மாறியதால் மருத்துவமும் மாறியது என்கிறார்கள். எந்த நோயாளி என்பதே நம் கேள்வி.

போடிநாயக்கனூரில் பொழுது விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிச் செல்கின்றன. ஏலக்காய் ஒரே சரத்திலும் ஒருசேர விளைவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை அதே தூருக்குத் திரும்பிக் காயெடுக்க வேண்டும். பருவத்தில் ஒரு நாளை விடுவதென்பது கூலியை விடுவதுதான். வேர் சிகிச்சையோ திறக்க ஒரு நாள், சுத்தம் செய்ய ஒரு நாள், அடைக்க ஒரு நாள், உறை மாட்ட ஒரு நாள் என்று நீளக்கூடியது. ஆகவே அந்தப் பெண், "புடுங்கி விட்ருங்க" என்கிறார். படித்த நாம் இதை அறியாமை என்கிறோம். அது அறியாமையன்று, கணக்கு.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், கருவியின் பெருமை அது எத்தனை வருகையைக் குறைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. சுழலும் அரமும் வேரின் நீளத்தை அளக்கும் மின்கருவியும் பல பற்களை ஒரே அமர்வில் முடிக்க உதவுகின்றன. சீழ் மிகுந்த பல்லுக்கு அது எப்போதும் பொருந்தாது. விலையும் எல்லோருக்கும் எட்டாது.

எட்டுகின்ற நுட்பமும் உண்டு. 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான ஒரு முறையில் மின்சாரமே வேண்டாம்; கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை அடைத்துவிடலாம். இன்னொன்று சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு. தூரிகையால் தடவினால் பெரும்பாலான சொத்தைகள் மேலே பரவாமல் நிற்கும், அந்த இடம் கறுத்துவிடும். விழப்போகிற பால்பல்லில் கறுப்பு இருந்தால் என்ன? இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு தோள்பைக்குள் அடங்கும் இவை அங்கன்வாடிக்கும் தோட்டத்து லயத்துக்கும் போகத்தக்கவை. (கிராம்பெண்ணெயைப் பாட்டி வைத்தியம் என்று சிரிப்பவர்கள், தற்காலிக அடைப்பில் துத்தநாக ஆக்சைடோடு சேரும் யூஜினால் அதே கிராம்பிலிருந்து வருவதை நினைக்கலாம்.)

பல்லைப் பிடுங்க வருகிறவரின் வாய் மருத்துவர் முன் திறப்பது ஆண்டுக்கு ஒருமுறையாக இருக்கலாம். குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள் மலையில் பலர். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. கன்னத்தின் உட்புறத்து வெள்ளைப் படலத்தையும் வாய் முழுதாகத் திறக்காமையையும் முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவரே. வலிக்கும் பல்லை மட்டும் பார்த்தனுப்பும் அவசரம், எவ்வளவு நவீனக் கருவி இருந்தாலும், பழைய மருத்துவந்தான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுப்படிக்குக் கொண்டுவந்தது. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. வாயையும் அந்தப் படியிலேயே பார்ப்பதற்குத் தடை என்ன? மாநில எல்லை ஒரு சிக்கல்தான்: தோட்டம் கேரளத்தில், வீடு தமிழகத்தில். ஆயினும் மாலையில் ஜீப் இறங்குவது போடியில்தான்.

தனியார் கிளினிக்குகளிடம் நாம் கேட்பது சிறியது. கட்டணம் சொல்லும்போது, எத்தனை முறை வரவேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே எழுதிக் கொடுங்கள்.