புது வண்டியைப் பழக்குவது

சென்ற மாதம் மழைக்காலத்தில் பிள்ளைகளின் புத்தகங்களைக் காப்பது பற்றி எழுதியிருந்தேன். இம்மாதமும் பள்ளிக்கூட விஷயம் ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவே பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

வந்தவன் என் பழைய மாணவன். பத்தொன்பது வயது. பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, ஷிப்டு வேலை. இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்தால் எங்கள் தோட்டத்துக்கு எந்த பஸ்ஸும் வராது. ஆகவே தாயார் சீட்டுப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டி, மீதிக்கு நான்கு வருஷத் தவணையில் ஒரு கப்சாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். விளக்கின் மேல் குங்குமம், கண்ணாடியில் மாலை. எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் சக்கரத்தில் இன்னும் காயவில்லை. பின்னால் அவன் தகப்பனார், செம்பனைக் குலை வெட்டுகிறவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்களே சொல்லுங்க. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் முப்பதுக்கு மேல போகாதேடான்னா கேக்க மாட்டேங்கிறான்."

"சிநேகிதனுங்க எல்லாம் முதல் நாளே முழுசா முறுக்கணும்னு சொல்றானுங்க சார். அப்பத்தான் பின்னால வண்டி பறக்குமாம்."

பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காரணம், தகப்பனார் சொன்ன முறையிலேயே நான் ஒரு வண்டியைக் கெடுத்திருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில், கையில் வந்த சம்பளத்தை நம்பி ஒரு புது வண்டி எடுத்தேன். என் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மெதுவாக ஓட்டு, குழந்தை மாதிரி வைத்துக்கொள். நானும் அப்படியே செய்தேன். எங்கள் பக்கம் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தட்டையான பூமி. மேடு என்ற பேச்சே கிடையாது. வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். புறப்பட்டதும் நான்காவது கியர், முப்பது கிலோமீட்டர் வேகம், போக ஒரே சீர், வர ஒரே சீர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டிருப்பேன். எட்டாவது மாதம் காலையில் நீலப்புகை வர ஆரம்பித்தது. எண்ணெய் குச்சியைத் தூக்கிப் பார்த்தால் நுனியில்தான் ஈரம்.

பட்டறைக்காரச் சீனப் பெரியவர் எஞ்சினைத் திறந்து, சிலிண்டரின் உட்சுவரை எனக்குக் காட்டினார். கண்ணாடி போல மின்னியது. ஆகா, எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். அவரோ தலையில் அடித்துக்கொண்டார். "சிக்கு, இது மின்னக்கூடாது!"

அங்கேதான் பாடம் ஆரம்பித்தது. புது எஞ்சினின் சிலிண்டர் சுவர் வழவழப்பாக இருப்பதில்லை. தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களைப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கி நிற்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் மேலும் கீழும் உராய்ந்து, கீறல்களின் கூர்மையான முனைகளைத் தேய்த்து, சுவரோடு சுவராகப் பொருந்த வேண்டும். இப்படிப் பொருந்துவதைத்தான் வண்டியைப் பழக்குவது என்கிறோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதற்குத் தன் சொந்த விறைப்பு கொஞ்சம் உண்டு. மற்றபடி பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எஞ்சினுக்கு ஓரளவாவது வேலை கொடுத்தால்தான் அந்த அழுத்தம் பிறக்கும். சும்மா ஓடவிட்டால் பிறக்காது. ரிங் பொருந்துமுன் எண்ணெய் சுவரிலேயே கருகி, மெழுகு பூசியது போலக் கீறல்களை மூடிவிடும். பிறகு என்ன ஓட்டினாலும் பொருந்தாது. மீண்டும் சுவரைக் கீறி, புது ரிங் போட்டு, என் சம்பளத்தில் நல்ல பங்கு பட்டறைக்குப் போயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டும்: எண்ணெயையும் நான் காலத்தில் மாற்றவில்லை. பழி முழுவதையும் மெதுவாக ஓட்டியதன் மேல் போட முடியாது.

அப்படியானால் என் அப்பா சொன்னது பொய்யா? இல்லை. அவர் பழகியது இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு கலந்து வரும் சொற்ப எண்ணெய்தான் அவற்றின் பிஸ்டனுக்குக் காவல். புதிதில் விரட்டினால் பிஸ்டன் சூடேறி விரிந்து, சிலிண்டரிலேயே இறுகி நின்றுவிடும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்த கதைகள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான்.

இப்போதைய நான்கு ஸ்ட்ரோக் வண்டி வேறு ஜாதி. 1958-இல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வம்சம் இது. கப்சாய் என்ற பெயரில் உள்ள 'கப்' அதுதான். 2017-க்குள் அந்த வரிசை வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் உற்பத்தியாகிவிட்டன. கடைசல் வேலையும் முன்னைவிட எவ்வளவோ நுட்பமாகிவிட்டது. ஆனாலும் கையேடுகள் முதல் 500 கிலோமீட்டரோ 1000 கிலோமீட்டரோ முழு முறுக்கு வேண்டாமென்றே இன்றும் சொல்கின்றன. எஞ்சினை மட்டும் எண்ணிச் சொல்வதல்ல இது. கியரின் பற்கள் ஒன்றோடொன்று இசைய வேண்டும், பிரேக் கட்டை படிய வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை மழையில் வளைவில் சாய்க்கக்கூடாது. முதல் நாளே முறுக்கச் சொன்ன சிநேகிதர்கள் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே அன்று திண்ணையில் நான் சொன்ன தீர்ப்பு இது. காலையில் வண்டியைக் கிளப்பி அரை நிமிஷம் பொறு. போதும், பிறகு நிதானமாகப் புறப்படு. காற்றால் குளிரும் எஞ்சினை நிற்க வைத்து ஓடவிடுவது நல்லதல்ல, ஓடினால்தான் அதற்குக் காற்று. பாதி முறுக்கு வரை தாராளமாகக் கொடு. சில நாள் போனபின் மூன்றில் இரண்டு பங்கு. கொடுத்து, விட்டு, மறுபடி கொடு. ஒரே வேகத்தில் பட்டணம் வரை போகாதே. முறுக்கை விடும்போது எஞ்சின் தானே வண்டியைப் பிடிக்கும், அதுவும் நல்லதே. முக்கியமாக, அவசரப்பட்டு நான்காவது கியருக்குப் போகாதே. அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான்காவதில் முப்பது போனால் எஞ்சின் முக்கும். மூன்றாவதில் போ.

"அண்ணே, வேகம் வேறு, பாரம் வேறு," என்றேன் தகப்பனாரிடம். "கொடிக்குக் கொம்பு வேண்டும். அதற்காகக் கொடியை முறுக்கிக் கட்டுவோமா?" அவருக்கு அது பிடித்திருந்தது போலும், லேசாகச் சிரித்தார்.

கறுப்பு எண்ணெய் என்போமே, எஞ்சின் எண்ணெய், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வகை வண்டிகளில் எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். போத்தலில் 'ஜேசோ எம்ஏ' என்று இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். முதல் சர்வீஸ் பல வண்டிகளுக்கு ஆயிரம் கிலோமீட்டரில்; அதைத் தவறவிட்டால் உத்தரவாதத்தில் வம்பு வரும். நான் ஐந்நூறிலேயே ஒருமுறை மாற்றச் சொல்வேன். கையேடு கேட்காத செலவுதான். ஆனால் நான்கு வருஷத் தவணைக்கு முன்னால் ஒரு போத்தல் எண்ணெய் எம்மாத்திரம்?

பன்னிரண்டு நாள் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். மீட்டரில் 540. என் வாசலிலேயே அடித் திருகைக் கழற்றி, எண்ணெயைப் பழைய பிஸ்கட் தகரத்தில் வடித்தோம். வெயிலில் தகரத்தைச் சாய்த்தபோது எண்ணெயில் வெள்ளிப்பொடி போல மினுமினுப்பு தெரிந்தது. தகப்பனார் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இதெல்லாம் உள்ளேயிருந்தா வந்துச்சு?" என்றார். கியரும் ரிங்கும் இசைந்ததில் உதிர்ந்த பொடி, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். செம்பனை மரத்தடியில் கொட்டப் போனவரைத் தடுத்து, பட்டறையில் கொடுக்கும்படி போத்தலில் ஊற்றி மூடினோம்.

பையனுக்கு மூன்று மணி ஷிப்டு. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். தகப்பனார் பேச்சை நிறுத்தி, கோயில் வளைவு வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"மூணாவதுலேயே போறான் சார்," என்றார்.