குரூப்பைப் பிரிக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் பழைய நண்பர்கள் வட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் ஒரு நானா, எங்களில் சிலருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "நம்ம ஆக்கள் மட்டும் சேர்ந்து வேற குரூப் ஒண்டு போடுவோம். இதுல வாறது முழுக்க பழைய கேம் கதையும் ட்ரிப் போட்டோவும்தான். முக்கியமான விசயம் ஒண்டும் மனம் விட்டுப் பேச ஏலாது. எல்லாரும் இதிலேந்து மெல்ல விலகுவோம்."

சொன்னவர் நல்ல மனிதர். பள்ளி வேலை என்றால் முதல் ஆளாக நிற்பவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னது பிழை என்றே எங்களுக்குப் படுகிறது. ஏன் என்பதை அவருக்கு மட்டும் சொல்லாமல் ஊருக்கும் சொல்கிறோம். ஏனென்றால் இது ஒரு குரூப்பின் பிரச்சினை மட்டும் இல்லை.

முதலில் அந்தக் குரூப்பைப் பற்றி. குண்டசாலை, மெனிக்ஹின்ன, பலகொல்ல, திகன பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் வரை இருக்கிறோம். முஸ்லிம்கள், சிங்களவர்கள், இரண்டு மூன்று தமிழ் நண்பர்கள். படித்த பாடசாலைகள் வேறு, மொழி வேறு. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு டிவி கேம் பெட்டி.

தொண்ணூறுகளின் கடைசியில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஜப்பான் நிண்டெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி. மஞ்சள் நிற கெசட். அதன் மேல் 9999 கேம் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது பத்துப் பதினைந்துதான், மற்றதெல்லாம் அதுவே திரும்பத் திரும்ப வரும். வேலை செய்யாவிட்டால் கெசட்டைக் கழற்றி வாயால் ஊதுவோம். ஊதினால் சரியாகிவிடும் என்பதில் எந்த மதத்துப் பிள்ளைக்கும் சந்தேகம் இருக்கவில்லை!

ஒழுங்கைக்கு ஒரு வீட்டில்தான் அந்தப் பெட்டி இருந்தது. ஆகவே எல்லாரும் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அது ஒரு சிங்கள வீடு. அங்கே போய்த்தான் எங்களில் பலர் சிங்களம் பேசப் பழகினோம். "மச்சங்" என்று அவர்கள் கூப்பிட்டதும் "மச்சான்" என்று நாங்கள் கூப்பிட்டதும் ஒரே சொல்தான் என்று புரிந்ததும் அங்கேதான்.

கொன்ட்ரா விளையாடியவர்களுக்கு மூன்றாவது கட்டத்து நீர்வீழ்ச்சி மறந்திருக்காது. இருவரும் சேர்ந்து மேலே ஏற வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு ஏறினால் திரை அவரோடு மேலே போய்விடும், கீழே நிற்பவர் செத்துப்போவார். எதிரி சுடத் தேவையில்லை, கூட்டாளியின் அவசரமே போதும். அதே விளையாட்டில் இன்னொன்றும் இருந்தது. ஒருவருடைய உயிர்கள் முடிந்துவிட்டால், மற்றவர் கணக்கில் மிச்சம் இருப்பதிலிருந்து எடுத்து ஆடலாம். "மச்சான், ஒரு லைஃப் தா" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பிறகு நெட் கபே வந்தது, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது. ஆட்கள் சிதறினோம். பேஸ்புக்கில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, பிறகு வட்ஸ்அப்புக்கு வந்து, வருடத்துக்கு ஒரு முறையாவது வேன் பிடித்துப் பயணம் போக ஆரம்பித்தோம்.

ஒரு நோன்பு மாதத்தில் மஹியங்கனைப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹசலகவைத் தாண்டினால் பதினெட்டு வளைவு. ஏற ஆரம்பித்தால் நிறுத்த வசதி இல்லை. வளைவு தொடங்குவதற்கு முன் வேனை ஓரம் கட்டினார் ஓட்டிய சிங்கள நண்பர். வயிறு சரியில்லையோ என்று நினைத்தோம். "நோன்பு திறக்க இன்னும் எட்டு நிமிசம் இருக்கு. மேலே ஏறினால் இடம் கிடைக்காது" என்றார். மஃரிப் நேரத்தை போனில் அலாரம் வைத்திருந்தார். ஈச்சம்பழப் பெட்டியும் சீட்டுக்கு அடியில் இருந்தது.

யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு அதிலும் ஒரு பயணம் போனோம். அங்கே நிலைமை தலைகீழ். சிங்கள நண்பர்கள் பேச்சுத் தெரியாமல் எங்கள் பின்னால் வந்தார்கள். கடையில் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று முதலாளி கேட்டார். "கண்டி" என்றோம். கூட வந்தவர்களையும் சேர்த்து இருத்தி, தேநீர் ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். சொந்த நாட்டில் மொழி புரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் விளங்கியது என அந்த நண்பர்கள் இன்றும் சொல்வார்கள்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலங்களில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரத்தின் மிச்சங்கள் வெளியே தெரியும். எண்பதுகளில் நீருக்குள் போன ஊர் அது. ஒரு முறை அந்தப் படங்களைக் குரூப்பில் போட்டோம். அன்றிரவு பேசியது நாங்கள் இல்லை, எங்கள் வாப்பாமாரும் நண்பர்களின் அப்பாமாரும்தான். பிள்ளைகளின் போனை வாங்கி, குரல் பதிவில், எந்தக் கடை யாருடையது, எந்தச் சந்தியில் பஸ் நின்றது என்று ஆளுக்கு ஆள் திருத்திக்கொண்டார்கள். நீருக்கு அடியில் இருந்த ஊரை இரண்டு மொழியில் சேர்ந்து கட்டி எழுப்பினார்கள்.

இதைத்தான் அந்த நானா "சும்மா கதை" என்கிறார்.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறோம். 2018.

அந்த வருடம் பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் ஒரு வாகனத் தகராறில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். தாக்கியவர்கள் நம்மவர்கள். அது குற்றம், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. சில நாட்கள் வைத்தியசாலையில் இருந்து அவர் இறந்தார். இடைப்பட்ட நாட்களில், பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்ற வதந்தி வீடியோவாகப் பரவி, கடையும் பள்ளியும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது. தீ வைக்கப்பட்ட வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம். 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கம். பேஸ்புக் தடை நீங்கியது 15ஆம் திகதி.

அந்தப் பதினைந்து நாட்களுக்கு மேலான காலத்தில் எங்கள் குரூப் என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. பெப்ரவரி 22க்குப் பிறகு யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நட்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். வேறு குரூப்களில் என்ன பரவுகிறது என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருவர் மரியோ படம் ஒன்று போட்டார், இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு மௌனம். முடக்கம் வந்தபோது, பேச முடியாமல் போனதற்கு ஒரு சாட்டுக் கிடைத்ததே என்று சிலர் நிம்மதிப்பட்டோம். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் நல்ல காரியங்கள் நடந்தன. ஹசலகவில் வேனை நிறுத்திய அந்த நண்பர் ஊரடங்குக்குள்ளும் சாதாரண தொலைபேசி அழைப்பில் எங்கள் வீடுகளுக்குப் பேசினார். ஒரு குடும்பம் இரண்டு இரவு அவருடைய வீட்டில் தங்கியது. ஆனால் கூட்டமாக நாங்கள் தோற்றோம். பழைய கேமும் ட்ரிப்பும் மட்டும் போதாது என்பதற்கு எங்களை விடச் சாட்சி தேவையில்லை.

அப்படியானால் நானா சொல்வது சரிதானே என்று கேட்கலாம். இல்லை. எங்கள் பிழை கலந்து இருந்தது அல்ல, கலந்து இருந்தும் பேசாமல் இருந்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். மாக்கட்டியை மாத்திரை என்று நம்பியவர்கள் எப்படி நம்பினார்கள்? அந்த வீடியோ போன குரூப்களில் "அப்படி ஒரு மருந்து உலகத்திலேயே இல்லை மச்சான்" என்று சொல்ல ஒரு முஸ்லிம் இருந்தாரா? தங்கள் ஆட்கள் மட்டும் இருக்கும் இடத்தில் மற்றவனைப் பற்றிய பொய்க்கு மறுப்பே கிடைக்காது. இது அவர்களுக்கு மட்டும் உரிய விதி இல்லை. நம்முடைய தனிக் குரூப்புக்கும் அதே விதிதான்.

2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதலுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு, சிலாபத்தில் நடந்ததும் நினைவிருக்கட்டும். ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற கருத்து. அது மிரட்டலாகப் படிக்கப்பட்டது. கல்லெறி, ஊரடங்கு, அடுத்த நாள் வேறு மாவட்டங்களிலும் கடைகள் எரிந்தன. எழுதியவர் யார், எப்படிப் பேசுபவர் என்று தெரிந்த ஆள் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? ஒரு மனிதனின் குரல் தெரிந்தால்தான் அவன் எழுதிய வரியும் சரியாகப் புரியும். அந்தக் குரல் எங்கிருந்து பழக்கமாகிறது? சும்மா கதையிலிருந்துதான்.

எல்லாப் பழியையும் போனின் மேல் போடுவதும் சரியில்லை. 1915இல் கண்டியில் கலவரம் தொடங்கியபோது பேஸ்புக் இருக்கவில்லை. வதந்திக்கு அன்றும் கால் இருந்தது. ஆனால் பொறுப்பு இல்லை என்றும் இல்லை. 2018இல் தன் தளம் பயன்படுத்தப்பட்ட விதத்துக்காக பேஸ்புக் நிறுவனமே 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. கம்பனி மன்னிப்புக் கேட்டது. குரூப்பில் இருந்த நாம் கேட்டோமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் கண்டி மாவட்டம் மண்சரிவில் சிக்கியபோது, சிக்னல் வந்து வந்து போன அந்த நாட்களில், எங்கள் குரூப்பில் எந்த வழி மூடியிருக்கிறது, எந்த ஒழுங்கையால் சுற்றிப் போகலாம் என்று சொன்னவர்கள் யார்? மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிப் படம் போடும் அதே "வேலையில்லாத" ஆட்கள்தான். யார் வீட்டில் வயதானவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று கேட்காமலே தெரிந்தது. பதினைந்து வருடச் சும்மா கதை அன்று முகவரிப் புத்தகமாக வேலை செய்தது.

பாடசாலையில் தினமும் பார்ப்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. இன்றைய பிள்ளைகளுக்கு ஒழுங்கையில் ஒரே டிவி பெட்டி இல்லை. ஆளுக்கு ஒரு போன். ஃப்ரீ ஃபயரில் எங்கோ ஒரு நாட்டுப் பையனோடு கூட்டணி போடுகிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் தெரியாது. தமிழ் மொழிமூலப் பாடசாலை, சிங்கள மொழிமூலப் பாடசாலை என்று காலையிலேயே இரண்டு திசையில் பிரிந்து போகிறார்கள். சிங்களம் இரண்டாம் மொழிப் பாடமாக இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிறார்கள், பேசிப் பழக ஆள் இல்லை. மிச்சம் இருக்கும் பெரியவர்களின் கலப்பு இடங்களையும் நாமே மூடிவிட்டால் இவர்கள் எதைப் பார்த்துப் பழகுவார்கள்?

ஜனாஸா அறிவித்தல், ஸகாத், மத்ரஸா விடயங்களுக்குப் பள்ளிக் குரூப் இருக்கிறது. அது இருக்க வேண்டும், அதை யாரும் குறை சொல்லவில்லை. இதை விட்டு விலகுவதுதான் வேண்டாம் என்கிறோம். அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று: ஊரில் எந்தச் சம்பவம் நடந்தாலும் அன்றே அந்தக் குரூப்பில் பேசுவோம். நம் பக்கத்துப் பிழையாக இருந்தால் நாமே முதலில் சொல்வோம். மரியோ படம் பிறகு போடலாம்.

இரண்டு: மற்றச் சமூகத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், போர்வார்ட் பண்ணுவதற்கு முன் அந்தச் சமூகத்து நண்பர் ஒருவரிடம் கேட்போம். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்று அது காரணமும் சொல்கிறது.

மூன்று: அடுத்த பயணத்தில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். விக்டோரியா பக்கமே போதும், தூரம் வேண்டியதில்லை. யாராவது ஒருவர் வீட்டு அட்டாலில் அந்தப் பழைய டிவி கேம் பெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு திரை என்றால் என்ன என்று அவர்களும் பார்க்கட்டும்.

நானாவுக்கு நாங்கள் தனியாகவும் பேசினோம். இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் குரூப்பை விட்டுப் போகவுமில்லை. அல்ஹம்துலில்லாஹ், இப்போதைக்கு அது போதும். நீர்வீழ்ச்சியில் அவசரப்பட்டு ஏறுவதால் வரும் நஷ்டம் அவருக்கும் தெரியும், அவரும் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தவர்தான்.

உங்கள் ஊரில், உங்கள் குரூப்பில் எப்படி என்று கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், சண்டை இல்லை. வஸ்ஸலாம்.