சுட்ட பிறகு என்ன செய்வீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை காலை நடை முடிந்து வழக்கமான டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வழக்கமான ஐந்து பேர்தான், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். நண்பர் ஒருவர் செல்போனை நீட்டினார். ஆப்பிரிக்காவில் எங்கோ செத்துக் கிடக்கும் காட்டெருமை மேல் ஒரு காலை ஊன்றி, துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான் ஒரு பையன். நம்மூர் எக்ஸ்போர்ட்காரர் ஒருவருக்கு மருமகனாம்.

“பணம் கட்டுனா அங்க சுடலாமுங்க. இங்கயும் அந்தக் காலத்து மாதிரி லைசென்ஸ் குடுத்துட்டா பன்னித் தொல்லையும் தீரும், பசங்களுக்கும் கொஞ்சம் வீரம் வரும்” என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த வயதில் கோபத்தோடு பேசினால் பிரஷர் மாத்திரைதான் ஒன்று கூடும். அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜீவகாருண்யம் பேச வந்தவன் இல்லை. காட்டுப்பன்றிக் கறி தின்று வளர்ந்தவன்தான். எங்கள் ஊர் உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் அமராவதி அணை கட்டி முடித்தார்கள். என் பெரிய மாமாவிடம் லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது, பன்னிரண்டு போர். அவர் கூடப் போவதற்கு மலையிலிருந்து முதுவர் பெரியவர் ஒருவர் வருவார். மாமா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவர் சொல்வதுதான் சட்டம். மாமாவின் காசும் கவுரவமும் ஊர் எல்லையோடு நின்றுவிடும்.

“அந்தக் காலத்து வேட்டை” என்று வாய் நிறையப் பேசுகிறவர்களுக்கு அந்த வேட்டையில் என்ன இருந்தது என்று தெரியுமா? பெரியவர் மடியில் ஒரு துணியில் சாம்பல் முடிந்து வைத்திருப்பார். பத்தடிக்கு ஒருமுறை அதைத் தட்டி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். காற்று நம்மிடமிருந்து மிருகத்தின் பக்கம் போனால் அன்றைக்கு வேலை முடிந்தது, திரும்பிவிட வேண்டியதுதான். புதர் அசைகிறது என்பதற்காகச் சுடக்கூடாது, விறகு பொறுக்கும் பொம்பளையாகவும் இருக்கலாம். முழு உடம்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தலைக்குக் குறி வைக்கக்கூடாது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால்தான் வைக்க வேண்டும். கிழட்டு ஆண்பன்றிக்குத் தோள்பட்டையில் தோல் கேடயம் மாதிரித் தடித்திருக்கும். ரவை அதில் புதைந்து நின்றுவிடும், பன்றி நின்றுவிடாது. இப்படி ஆயிரம் நிபந்தனை. பத்து நாள் போனால் ஒன்பது நாள் வெறுங்கையோடு வருவோம்.

ஆனால் இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி குண்டு போன பிறகு ஆரம்பிக்கும். வெடித்தவுடன் ஓடக்கூடாது. பெரியவர் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்து நிதானமாக இழுத்து முடிப்பார். பிறகு இன்னொன்று. அதற்கப்புறம்தான் மிருகம் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். ரத்தம் வெளிறிய சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, தூரம் போயிருக்காது. கறுத்த ரத்தமாக இருந்தால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். ரத்தத்தோடு மென்ற தழை பச்சையாகக் கலந்து கிடந்தால் குடல். அப்படிப்பட்ட மிருகம் ஒருநாள், இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும். அதைத் தேடிப் போயே ஆக வேண்டும். இருட்டினாலும், மழை வந்தாலும், மறுநாள் ஆனாலும் போக வேண்டும். காயம்பட்ட பன்றி போன வழியிலேயே வளைந்து வந்து பக்கத்துப் புதரில் காத்திருக்கும். தெரிந்தும் போக வேண்டும். “அடிச்ச கணக்க அடிச்சவந்தான் முடிக்கோணும்” என்பார் மாமா.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை.

1967. எனக்குப் பத்தொன்பது வயது. மாமா காய்ச்சலில் படுத்திருந்தார். நானும் என் வயது உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேரும் அவருக்குத் தெரியாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ராத்திரி ஓடைப்பக்கம் போனோம். பெரியவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டார், எங்களையும் போகவிடமாட்டார். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் மின்னிய இரண்டு கண்ணைப் பார்த்துச் சுட்டேன். உடம்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, ஒன்றும் தெரியாது. கண் தெரிந்தது, விசையை இழுத்தேன். அவ்வளவுதான் வீரம்.

போய்ப் பார்த்தால் புல்லில் ரத்தம். அதில் பச்சை கலந்திருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும், மாமா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் உள்ளே யானை நிற்குமோ என்று பயம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். துப்பாக்கியைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் பெரியவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். “வயித்துல அடிச்சது யாரு?” என்றார், என்னைப் பார்க்காமலே. பெண் கடமான். தண்ணீரைத் தேடிப் போய் ஓடைப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. அங்கிருந்து எழ முடியவில்லை. உயிர் இருக்கும்போதே செந்நாய் கூட்டம் தின்ன ஆரம்பித்திருக்கிறது. தடத்தைப் பார்த்து அவர் இதையெல்லாம் பேப்பர் படிப்பது மாதிரிச் சொன்னார். மாமா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. 1969இல் நான் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் கணக்கெழுத உட்கார்ந்தேன். அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை.

ஆகவே பெஞ்சு நண்பருக்கு என் கேள்வி ஒன்றுதான். லைசென்ஸ் கொடுத்தாகிவிட்டது, உங்கள் பேரன் சுட்டும்விட்டான், மிருகம் சாகாமல் ஓடிவிட்டது. பிறகு? தேடிப் போவானா, போட்டோ சரியாக வரவில்லையே என்று ஜீப்பில் ஏறிவிடுவானா?

அவர் வீட்டு அலமாரியில் ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் வரிசையாக இருக்கிறார்கள். படித்தாரா, அடுக்கி மட்டும் வைத்தாரா தெரியவில்லை. குமாவுன் பக்கம் சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907இல் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்திப் பார்த்தபோது வலதுபக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றைக்கோ எவனோ சுட்ட குண்டின் வேலை. பல் போன புலிக்கு மானைப் பிடிக்க முடியாமல் மனிதனைப் பிடித்தது என்று கார்பெட்டே எழுதிவைத்திருக்கிறார். ஒரு ஆள் சுட்டுவிட்டுத் தேடிப் போகாததற்கு 436 உயிர். அந்த ஆள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவனும் ஏதாவது திண்ணையில் உட்கார்ந்து வீரம் பேசியிருப்பான்.

எதிர்த்தரப்புக்கும் ஒன்று கொடுத்துவிடுகிறேன். வேட்டைக்காரர்கள் காட்டைக் காப்பாற்றியதும் உண்டு. நம் உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் வேட்டைச் சங்கம் வைத்து, கட்டுப்பாடு போட்டு, முதுவர்களைக் காவலுக்கு வைத்து வரையாட்டை விட்டுவைத்தார்கள். 1975இல் இரவிகுளம் சரணாலயம் ஆனபோது அங்கே வரையாடு மிச்சமிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உண்மைதான். ஆனால் அது, இத்தனைதான், இந்த மாதம்தான், இன்ன மிருகம்தான் என்று தங்களையே கட்டிப்போட்டுக்கொண்டவர்கள் செய்தது. நாம் தெருவில் ஒரு குப்பைத்தொட்டிக்குக்கூடக் கட்டுப்படாத ஜனம். 1970இல் புலி வேட்டையைத் தடுத்து, 1972இல் வனவிலங்குச் சட்டம் கொண்டுவந்து, 1991 திருத்தத்தில் விளையாட்டு வேட்டைக்கு லைசென்ஸ் என்பதையே எடுத்துவிட்டது சும்மா இல்லை.

2022 ஜனவரியை யோசித்துப் பாருங்கள். அவிநாசிப் பக்கம் பாப்பாங்குளத்தில் மக்காச்சோளக் காட்டில் சிறுத்தை புகுந்து ஆட்களைத் தாக்கியது. அடுத்து திருப்பூருக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் தெருப் பையன்கள் ஒரு கையில் கட்டையும் ஒரு கையில் செல்போனுமாகக் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் பத்துத் துப்பாக்கி இருந்திருந்தால் சிறுத்தைக்கு முன்னால் எத்தனை மனிதர்கள் விழுந்திருப்பார்கள்? வனத்துறை ஆட்கள் மயக்க ஊசி போட்டுச் சில நாளில் உயிரோடு பிடித்துக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில் மசினகுடிப் பக்கம் டி23 புலியை மூன்று வாரம் தேடி உயிரோடுதான் பிடித்தார்கள். பொறுமைக்கும் ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது. அதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

சரி, விவசாயி என்ன செய்வான்? இதைக் கேட்காமல் பேசினால் நானும் ஏசி அறை ஆசாமிதான். என் தங்கை மகன் எங்கள் பழைய ஊரில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போடுகிறான். கதிர் பால் பிடிக்கும்போது பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி வந்தால் போதும், தின்பது கொஞ்சம், சாய்ப்பது எல்லாம். சுற்றிலும் பழைய சேலை கட்டிப் பார்த்தான். சலூனிலிருந்து முடி வாங்கித் தூவினான். தகரம் தட்டினான், பட்டாசு வெடித்தான். முதல் வாரம் பன்றி பயந்தது, அப்புறம் பழகிக்கொண்டது. “மாமா, நீங்க கடமானுக்கு அழுவுறீங்க, எனக்கு ஆரு அழுவுறது?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அடிவாரத்துக்காரன் நிலம் முழுவதும் அந்த முதல் மூன்று கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறது? அதிகமாக அழிகிறவனுக்கு மருந்து இல்லை, எட்டத்தில் இருப்பவனுக்கு மருந்து. ஆள் வந்து பார்த்து, எழுதி, மேலே அனுப்பி, உத்தரவு வருவதற்குள் கதிர் மண்ணோடு போய்விடும். கேரளத்தில் 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதிலும் குறை இருக்கும். ஆனால் ராத்திரிக் காவல் இருப்பவனின் அவசரம் அதில் கொஞ்சமாவது தெரிகிறது.

அவசரத்துக்குக் கதவை அடைத்தால் அவன் வேறு வழி போவான். அந்த வழிக்குப் பெயர் கரண்டு கம்பி, அவுட்டுக்காய். சுடுகிறவனே இல்லாத வேட்டை அது. யார் வருகிறது என்று கம்பி பார்க்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளிப் பக்கம் பன்றிக்கு வைத்த கம்பியில் மூன்று யானை செத்தது. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி கடித்து வாய் கிழிந்த கர்ப்பிணி யானை, வலி தாங்காமல் ஆற்றுத் தண்ணீரில் வாயை வைத்தபடியே நின்று செத்தது. நாடே அழுதது. எங்கள் ஊரில் மேயப்போன பசுமாடு ஒன்று தாடை தொங்க வீட்டுக்கு வந்தது, அதற்கு யாரும் அழவில்லை. வைத்தவன் யார் என்று ஊருக்கே தெரியும். அவனும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நான் கேட்பது இதுதான். பன்றியைச் சுட வேண்டிய இடத்தில் சுடட்டும், மூன்று கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்க்காமல் பயிர் அழிவைப் பார்த்துச் சுடட்டும். ஆனால் சுடுகிறவன் பணம் கட்டி வந்த உல்லாசக்காரனாக இருக்கக்கூடாது. பயிற்சி பெற்றவனாக, பெயர் பதிந்தவனாக, எத்தனை தோட்டா போனது என்று கணக்குக் காட்டுகிறவனாக இருக்க வேண்டும். தடம் பார்க்க மலை ஜனங்களைச் சம்பளம் கொடுத்துக் கூட அனுப்புங்கள், அவர்களுக்குத் தெரிந்தது நம் எவனுக்கும் தெரியாது. கறி யாருக்கும் போகக்கூடாது, புதைத்துவிட வேண்டும். கறி போனால் அடுத்த மாதம் பன்றி இல்லாத காட்டிலும் பயிர் அழிந்ததாக மனு வரும். காயம்பட்டு ஓடியதைத் தேடி முடிக்காதவனுக்கு இரண்டாவது முறை துப்பாக்கி கொடுக்கக்கூடாது. இதை விதியிலேயே எழுத வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்த அன்று சாயந்திரம் பெஞ்சு நண்பரே போன் செய்தார். “என்னங்க, டீயப் பாதில வெச்சுட்டுப் போயிட்டீங்க, கோவமுங்களா?” என்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் என் வீட்டுக்காரியிடம்கூட முழுதாகச் சொல்லாத கடமான் கதையை அவரிடம் சொன்னேன். ஓடை, பச்சை கலந்த ரத்தம், செந்நாய், எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“அந்தத் துப்பாக்கி இப்ப ஆருகிட்டங்க இருக்குது?” என்றார்.